ஆளுக்கொரு தரை

தேனி விமான நிலைய வாசலில் சின்னமாயனுக்கு ஒரு ஃப்ளெக்ஸ் பேனர் வைத்திருந்தார்கள். அதில் அவர் விமானி உடையும் கறுப்புக் கண்ணாடியுமாக மேகத்தின் மேல் நடந்து வந்துகொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு சிங்கம். கீழே கொட்டை எழுத்தில், 'வானத்திலிருந்து வருகிறார் தாய்மாமன்!'

அந்தத் தாய்மாமன் அப்போது எனக்கு வலப்பக்கம் துணை விமானியின் இருக்கையில் உட்கார்ந்து, பேனரின் படத்தைக் கைப்பேசியில் பெரிதாக்கி எனக்குக் காட்டிக்கொண்டிருந்தார். நாங்கள் கொள்ளிடத்துக்கு மேலே பறந்துகொண்டிருந்தோம்.

"சிங்கம் எதுக்கு மாயன்?"

"சிங்கம் இல்லாம எங்க ஊர்ல பேனரே அடிக்க மாட்டாய்ங்க மேடம்."

மாயன் வயதில் என்னைவிட இரண்டு வருஷம் மூத்தவர். ஆனால் நான் கேப்டன், அவர் துணை. காரணம் ரொம்ப எளிது. விமானப் பள்ளியில் அவர் தாமதமாகச் சேர்ந்தார், தேர்வுகளைத் தாமதமாக எழுதினார், பதவி உயர்வு நேர்காணலுக்கு எல்லோரும் டீ குடித்துவிட்டுக் கலையும்போது வந்து சேர்ந்தார். தங்கையின் வளைகாப்புக்குப் பந்தல் பிரிக்கிற நேரத்தில் போனார். அவள் புது வீட்டுக்குக் குடிபோன விழாவுக்கு மறுநாள் போனார். அன்றிலிருந்து மச்சான் அவரோடு பேசுவதில்லை.

இப்போது அந்தத் தங்கை பேச்சியம்மாளின் மகளுக்குக் காதுகுத்து. அவர்கள் பக்கத்தில் குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துவார்கள். பேச்சி கறாராகச் சொல்லிவிட்டாளாம்: "அண்ணே, பத்தரைக்கு நீ மடியக் காட்டலைன்னா அவரோட சித்தப்பா மகன் மடியில வச்சுக் குத்திருவோம். அதுக்கப்புறம் நீ யாரோ, நான் யாரோ." இதைச் சொல்லும்போது மட்டும் மாயன் சிரிக்கவில்லை. அவருக்கு இருப்பது ஒரே தங்கை.

ஆகவே அவர் ஒரு யுக்தி செய்திருந்தார். தானே ஓட்டும் விமானத்தில் தானே போனால் எப்படித் தாமதமாகும்? கூடவே சென்னையில் இருந்த சொந்தபந்தம் முழுவதையும் ஏற்றிக்கொண்டார். எழுபது இருக்கைகளில் ஐம்பதுக்கு மேல் அவர்கள்தான். சீர்த்தட்டுகள் மடிகளில். உருமி மேளம் மேலே பெட்டி வைக்கும் இடத்தில். ஒரு வாழைத்தாருக்கு டிக்கெட் எடுத்து, ஜன்னலோரம் பெல்ட் போட்டு உட்கார வைத்திருந்தார்கள்.

வாழைத்தாருக்குப் பக்கத்து இருக்கை ஆண்டிச்சாமி பெரியப்பாவுக்கு. பெரிய மீசைக்காரர். விமானம் ஏறும்போது என்னைப் பிடித்து நிறுத்திக் குறைபட்டுக்கொண்டார்.

"எல்லாருக்கும் ஒரு மாசத்துக்கு முன்னாடியே சொல்லிட்டாய்ங்க தாயி. எனக்கு நேத்துச் சாயங்காலந்தேன் சொன்னாய்ங்க. ஏண்டான்னு கேட்டா, 'நீங்கதேன் எப்படியும் வந்துருவீங்களே பெரியப்பா'ங்கிறாய்ங்க. சொன்னதும் வர்றவனுக்கு மருவாதி இல்ல."

நான் சிரித்துவிட்டேன். அப்போது அது சிரிப்பாகத்தான் இருந்தது.

விமானத்தில் இன்னொருவரும் இருந்தார். அவர் பெயர் வார்டன்.

தரை நெருங்கினால் எச்சரிக்கும் கருவி அந்தக் காலத்திலிருந்தே எல்லா விமானங்களிலும் உண்டு. மலையோ மேடோ கிட்டே வந்தால் 'டெரெய்ன், டெரெய்ன்' என்று கூப்பிடும். இன்னும் நெருங்கினால் 'புல் அப்!' என்று கத்தும். கத்தினால் மறுபேச்சில்லாமல் மூக்கைத் தூக்கிக்கொண்டு மேலே ஏற வேண்டும், அவ்வளவுதான். கருவியில் குறையில்லை, மனிதனிடம்தான் குறை. கத்தல் காதில் விழுந்ததும் 'நிஜமாவா?' என்று யோசிக்க ஆரம்பிப்பான். யோசித்து முடிப்பதற்குள் மலை வந்துவிடும். அதனால் புதிதாக வந்த கருவி மலையைப் படித்ததோடு மனிதனையும் படித்தது. பயிற்சிக்கூடத்திலும் நிஜப் பறப்பிலும் நாங்கள் எவ்வளவு சீக்கிரம் சொன்னதைக் கேட்கிறோம், யார் முனகுகிறோம் என்று எல்லாவற்றையும் கவனித்து வைத்துக்கொண்டது. எங்கள் எல்லோருக்கும் கல்லூரி விடுதி ஞாபகம் வந்தது. பெயர் தானாக ஒட்டிக்கொண்டது.

"மேடம், உங்ககிட்ட மட்டும் ஒண்ணு சொல்றேன்," என்றார் மாயன். கைப்பேசியை உள்ளே வைத்துவிட்டார். "வார்டன் எனக்குப் பொய் சொல்லுது."

"கருவி எப்படிப் பொய் சொல்லும்?"

"எங்க வீட்டுக் கடிகாரம் சொன்ன மாதிரிதான். நான் லேட்டாக் கிளம்புறேன்னு எங்கம்மா அதைப் பத்து நிமிசம் முன்னாடி வச்சாங்க. எனக்குத் தெரிஞ்சுபோச்சு, மனசுலயே பத்தைக் கழிச்சுக்கிட்டேன். உடனே அவங்க அரை மணி ஆக்குனாங்க. நான் அரையக் கழிச்சேன். கடைசியில ஊருக்கெல்லாம் ஆறு மணிக்கு விடிஞ்சா எங்க வீட்ல மட்டும் எட்டு மணிக்கு விடிஞ்சுச்சு."

"சரி, வார்டன்?"

"அதுவும் எங்கம்மா கட்சி. நான் மெதுவாக் கேக்குற ஆளுன்னு கண்டுபிடிச்சிருச்சு. மலை எங்கயோ கிடக்கும்போதே வந்துருச்சு வந்துருச்சுன்னு கத்துது. நான் கணக்குப் போட்டுப் பாத்துட்டேன். பன்னெண்டு செகண்ட் முன்னாடி."

"அப்படி எதுவும் இல்லைன்னு கம்பெனியில சொல்றாங்களே."

"எங்கம்மாவும் இல்லைன்னுதான் சொன்னாங்க."

"எனக்கு அப்படிக் கத்தினதே இல்லை மாயன்."

"உங்களுக்கு எதுக்குப் பொய்? நீங்க கூப்பிட்ட உடனே எந்திரிக்கிற ஆளு. யாரு கையில ஸ்டிக் இருக்கோ அவங்களுக்குத் தக்கபடி பேசும். விமானம் ஒண்ணு மேடம், தரைதான் ஆளுக்கொண்ணு."

எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது, அதை மறைப்பானேன். விடுதியில் காலை மணி அடித்ததும் முதலில் வரிசையில் நின்றவள் நான். எதற்கும் இரண்டாவது தடவை என்னைக் கூப்பிட வேண்டியதில்லை. அந்தக் கருவி அதைக் கவனித்து, என்னிடம் மட்டும் உண்மை பேசுகிறது என்றால் கசக்குமா என்ன?

தேனி ஒரு பள்ளத்தாக்கு. மூன்று பக்கம் மலை, நடுவில் ஓடுதளம். ஆவணி மாதத்துக் காற்று மலைமுகட்டில் ஏறி இந்தப் பக்கம் உருண்டு விழும். அன்று வெயில் பளீரென்று இருந்தது. மாயன்தான் ஓட்டினார். சக்கரங்களை இறக்கியாயிற்று. கடைசித் திருப்பத்தில் வார்டன் தொண்டையைத் திறந்தது.

"டெரெய்ன்! டெரெய்ன்! புல் அப்!"

"பாருங்க, பாருங்க!" என்று மாயன் கத்தினார். "மலை அங்கன கிடக்கு, இது இங்க கத்துது!"

அவர் சொன்னது சரிதான். மலை தள்ளித்தான் இருந்தது. ஆனால் எங்கள் கம்பெனியில் விதி ஒன்றே ஒன்று. வார்டன் சொன்னால் ஏறு, கேள்வியைத் தரையில் போய்க் கேள்.

"மாயன், மேலே ஏறுங்க."

"மணி பத்தேகால் மேடம்!"

"ஏறுங்க!"

முனகிக்கொண்டே ஏறினார். விமானம் மூக்கைத் தூக்கியதும் பின்னாலிருந்து பெண்கள் எல்லோரும் சேர்ந்து குலவை போட்டது காக்பிட் கதவைத் தாண்டிக் கேட்டது. பணிப்பெண் நஸ்ரின் இன்டர்காமில் வந்தாள்.

"கேப்டன், யாருக்கும் அடியில்லை. வாழைத்தார் மட்டும் பெல்ட்டை விட்டு நழுவி அந்த மீசை ஐயா மடியில உட்கார்ந்திருக்கு. பின்னாடி வரிசையில இன்னொரு தடவை இதே மாதிரி பண்ணச் சொல்லிக் கேக்கிறாங்க."

மாயன் சிரிக்கும் நிலையில் இல்லை. இரண்டு முயற்சிதான் எங்களுக்கு. இரண்டும் தவறினால், வானிலை தெளிந்திருந்தால் ஒழிய, மதுரைக்குத் திரும்பிவிட வேண்டும். மதுரையிலிருந்து கார் பிடித்துப் போனால் மடி காலிதான்.

"மேடம், நீங்க ஓட்டுங்க," என்றார். குரல் கெஞ்சியது. "உங்க கையில இருந்தா அது வீணாக் கத்தாது. ஒரே மூச்சுல இறங்கிருவோம்."

எனக்கும் அது நல்ல யோசனையாகப் பட்டது. ஸ்டிக்கை என் கைக்கு மாற்றிக்கொண்டேன். ஒரு சுற்று சுற்றி வருவதற்குள் மேகமலைப் பக்கமிருந்து வெள்ளையாக ஒரு மேகம் சரிந்து வந்து எங்கள் பாதையில் உட்கார்ந்தது. கருவிகளைப் பார்த்து இறங்க விதி இடம் கொடுக்கிறது, இறங்கினேன். ஜன்னலுக்கு வெளியே பால் கொட்டியதுபோல் வெள்ளை. வார்டன் மூச்சு விடவில்லை. அந்த அமைதியில் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

காற்று எங்களை ஒரு அழுத்து அழுத்தியது. இறக்கைகள் இருந்தும் கல் மாதிரி விழுந்தோம். அப்போதும் 'டெரெய்ன்' என்று கூப்பிடவில்லை. எடுத்த எடுப்பில் ஒரே ஒரு கத்தல்.

"புல் அப்!"

"பொய் மேடம்! பன்னெண்டு செகண்ட் இருக்கு!" என்று மாயன் கத்தினார். பழக்க தோஷம்.

அவர் வாயை மூடுவதற்குள் என் கை வேலையை முடித்திருந்தது. முழு வேகம், மூக்கு வானத்தை நோக்கி. எஞ்சின்கள் அலறின. மேகத்தில் ஒரு கிழிசல் விழுந்தது. அந்தக் கிழிசலில், காலுக்குக் கீழே, தேயிலைச் செடிகள். இலை இலையாகத் தெரிந்தன. ஒரு வெள்ளாடு மெல்லுவதை நிறுத்திவிட்டு என்னை அண்ணாந்து பார்த்தது. அதன் கழுத்தில் சிவப்புக் கயிறு கட்டியிருந்தது.

அதற்குப் பிறகு நீலம். வெறும் வானம்.

மூக்கை மெல்லத் தாழ்த்தி, விமானத்தை நேராக்கினேன்.

"அது உங்க நேரம்ல," என்றார் மாயன், மெதுவாக.

"ஆமா."

"என் நேரம்னு நினைச்சுட்டேன் மேடம்."

"தெரியும்."

"ஆட்டைப் பாத்தீங்களா?"

அவ்வளவுதான், எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்துவிட்டது. சாகாமல் தப்பித்த சிரிப்பு லேசில் நிற்காது. கண்ணீர் வழிய வழியச் சிரித்தோம். நஸ்ரின் மறுபடி இன்டர்காமில் வந்தாள்.

"கேப்டன், மீசை ஐயா சாமிக்கு ஒரு கிடா நேர்ந்துக்கிட்டார். எந்தச் சாமிங்கிறதுல மட்டும் பின்னாடி தகராறு நடக்குது."

மாயன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு அவர் சொன்னதை நான் எதிர்பார்க்கவில்லை.

"மதுரைக்கே போயிருவோம் மேடம். மடி போனாப் போகுது. இத்தனை பேரை வச்சுக்கிட்டு இனிமே நான் செகண்ட் எண்ண மாட்டேன்."

அதைச் சொல்லும்போது அவர் கண்ணில் தங்கை நின்றாள் என்பது எனக்குத் தெரிந்தது. ஆனால் மதுரைக்குப் போக வேண்டியிருக்கவில்லை. நாங்கள் உயரத்தில் வட்டமடித்துக்கொண்டிருக்கும்போதே மேகம் வந்த வழியே போய்விட்டது, காற்றும் அடங்கியது. வானிலை தெளிந்துவிட்டது, எதிர்ப்பக்கத்திலிருந்து இறங்கலாம் என்று கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து சொன்னார்கள். பூப்போல இறங்கினோம். மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது. மாயன் பேனரை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் ஓடினார். வார்டன் கத்திய விமானத்தைச் சோதித்துப் பார்க்காமல் மறுபடி பறக்க விடமாட்டார்கள் என்பதால் அன்று எனக்கும் வேலை முடிந்தது. ஐம்பது பேரும் ஒரு வாழைத்தாரும் என்னையும் வேனில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார்கள்.

கோயில் தோப்பில் பந்தல். மாயன் மூச்சிரைக்க உள்ளே ஓடினார். குழந்தை மணலில் உட்கார்ந்து ஒரு பலூனைக் கடித்துக்கொண்டிருந்தது. காது குத்த வந்த ஆசாரி ஆற அமர டீ குடித்துக்கொண்டிருந்தார். சமையல் பக்கம் இன்னும் வெங்காயம் உரித்து முடியவில்லை.

"பேச்சி! மணி பதினொண்ணரை ஆகப்போகுது! குத்திட்டீங்களா?"

பேச்சியம்மாள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அண்ணனைப் பார்த்தாள்.

"பன்னெண்டு மணிக்குத்தாண்ணே குத்துறது."

"பத்தரைன்னு பத்திரிகையில போட்டிருந்துச்சே!"

"அது உனக்கு மட்டும் தனியா அடிச்ச பத்திரிகை. ஒரே ஒரு காப்பி. உன் மச்சான்தான் பிரஸ்ல போயி உக்காந்து அடிச்சுட்டு வந்தாரு."

பந்தலே சிரித்தது. வருஷக்கணக்கில் பேசாத மச்சான் தூணுக்குப் பின்னால் நின்று மீசைக்குள் சிரித்தார். மாயனின் முகம் ஒரு கணம் சுருங்கியது. அடுத்த கணம் அவர் என் பக்கம் திரும்பி, "பாத்தீங்களா மேடம்! எனக்குன்னு தனியாப் பத்திரிகை அடிச்சிருக்காய்ங்க!" என்றார். அவருக்குப் பெருமை தாங்கவில்லை. பன்னிரண்டு மணிக்குக் குழந்தை அவர் மடியில் உட்கார்ந்து ஊரைக் கூட்டி அழுதது, மாமனும் கூடவே அழுதார். உருமி மேளம் முழங்கியது. மச்சான் வந்து அவர் தோளில் துண்டைப் போட்டார்.

பந்தியில் உட்கார்ந்தபோது எனக்குப் போன் வந்தது. வார்டனைச் செய்யும் கம்பெனியின் பொறியாளர், ரகோத்தமன். எச்சரிக்கை வந்தால் தகவல் தானாக அவர்களுக்குப் போய்விடும்.

"கேப்டன் மங்கையர்க்கரசி? வாழ்த்துகள் மேடம்! ஒரு செகண்ட்கூட ஆகலை, இழுத்துட்டீங்க! எங்க ஆபீஸ்ல எல்லாரும் கைதட்டினோம்."

எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்தச் சந்தோஷத்தில் கேட்டுவைத்தேன்.

"மாயனுக்கு மட்டும் முன்கூட்டியே கத்துதே, அது நிஜமா?"

ரகோத்தமன் கொஞ்சம் தயங்கினார். பாராட்டிய வாய், மூட முடியவில்லை. "வெளியில சொல்லாதீங்க. தாமதமாக் கேக்குறவங்களுக்கு அந்தத் தாமதத்தைச் சேர்த்து முன்னாடியே சொல்லிரும். அவருக்குப் பன்னெண்டு."

"எனக்குச் சரியான நேரம்."

"உங்களுக்கு மைனஸ் மூணு மேடம்."

"மைனஸ்னா?"

"மூணு செகண்ட் தள்ளிச் சொல்லும். முதல்ல கூப்பிடுற 'டெரெய்ன்'கூட உங்களுக்கு வேண்டாம்னு எடுத்துட்டோம். நீங்கதான் சொன்ன உடனே கேப்பீங்களே! முன்னாடியே சொன்னா வீணா மேல ஏறி, எரிபொருள் செலவாகி, பயணிகளுக்கும் அலைச்சல். சராசரியாப் பாத்தா எல்லாருக்கும் ஒரே பாதுகாப்புத்தான். மாயன் சாருக்குக் குடுக்குற நேரத்தை எங்கிருந்தாவது எடுக்கணும் இல்லையா?" உற்சாகத்தில் அவர் நிறுத்தவில்லை. "இதே முறை அடுத்த வருஷம் ஆஸ்பத்திரிகளுக்கும் வருது. நேரத்துக்கு மாத்திரை போடுற நோயாளிக்குக் கடைசியாச் சொன்னாப் போதும் பாருங்க."

போனை வைத்தேன். இலையில் கறிக்குழம்பு ஆறிக்கொண்டிருந்தது. எனக்கு அந்த வெள்ளாட்டின் கண் ஞாபகம் வந்தது. சிவப்புக் கயிறு ஞாபகம் வந்தது. அவ்வளவு கிட்டத்தில் அதைப் பார்த்தது காற்றால் மட்டும் இல்லை, என் நல்ல பெயராலும்தான். எரிச்சல் தலைக்கேறியது. என் தம்பி கல்யாணத் தேதியை எனக்குச் சொன்னது அழைப்பிதழ் அச்சாகி வந்த பிறகு. 'நீ எப்படியும் வந்துருவியேக்கா' என்றான். அன்றைக்கு அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். எவ்வளவு முட்டாளாக இருந்திருக்கிறேன்!

எதிர் இலையில் ஆண்டிச்சாமி பெரியப்பா உட்கார்ந்திருந்தார். பரிமாறுகிறவர் இருபக்கமும் கறி வைத்துக்கொண்டே போய், அவரை மட்டும் தாண்டிப் போனார்.

"ஏப்பா, எனக்கு?"

"நீங்க நம்ம வீட்டு ஆளு பெரியப்பா, கோவிச்சுக்க மாட்டீங்க. கடைசியா வைக்கிறேன்."

பெரியப்பா என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். என் இலையிலிருந்த கறியை எடுத்து அவர் இலையில் வைத்தேன்.

புகார் எழுதினேன். அப்படி எதுவும் இல்லை என்று பதில் வந்தது. ஆனால் ஒரு வாரத்துக்குள், நாட்டில் சொன்ன பேச்சைக் கேட்கிற விமானிகள் அத்தனை பேருக்கும் விஷயம் போய்ச் சேர்ந்துவிட்டது. நாங்கள் எதையும் சீக்கிரம் செய்கிறவர்கள் அல்லவா?

அடுத்த மாதம் பயிற்சிக்கூடத்தில் எனக்கும் மாயனுக்கும் வழக்கமான சோதனை. மாயன் அரை மணி முன்னதாகவே வந்து, சட்டையெல்லாம் இஸ்திரி போட்டு, வாசலில் எனக்காகக் காத்திருந்தார். திருந்திவிட்டாராம். பொம்மை விமானத்தில் ஏறி உட்கார்ந்தோம். ஸ்டிக் என் கையில். திரையில் மேகம், மேகத்துக்குள் மலை. இங்கேயும் வார்டன் எங்களைப் படித்துக்கொண்டுதான் இருந்தது.

"புல் அப்!" என்றது வார்டன்.

நான் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டேன்.

"மேடம், புல் அப்!" என்று மாயன் பதறினார்.

"இருங்க மாயன். நிஜமாவான்னு யோசிச்சுட்டு இருக்கேன்."

திரையில் மலை பெரிதாகிக்கொண்டே வந்தது. வார்டன் மறுபடியும் கத்தியது. அதன் குரலில் முதல்முறையாக என்மேல் கொஞ்சம் அக்கறை தெரிந்தது.